பெனெல்லி எம்2: போல்ட்டை இழுத்தால் தோட்டா ஏன் வருவதில்லை?

"அண்ணே, மேகசின் நிறையத் தோட்டா போட்டேன். போல்ட்டை இழுத்து விட்டேன். ஒண்ணும் ஏறலை. புதுத் துப்பாக்கியே ரிப்பேரா?"

பெனெல்லி எம்2 ஷாட்கன் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். (மேகசின் என்பது குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய். போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புப் பகுதி.) ரிப்பேர் எல்லாம் இல்லை. அந்தத் துப்பாக்கி அப்படித்தான் வேலை செய்யும். சொல்லப்போனால் அதன் மிக நல்ல குணமே அதுதான். ஆனால் அதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கையேட்டில் இருக்கிறது, சரி, ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்?

வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் கிளப் ஒன்றில் விடுமுறை நாட்களில் ரேஞ்ச் ஆபீசராக நிற்பவன் நான். இடதுகைக்காரன். பல வருஷம் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு பழகிவிட்டு செமி ஆட்டோமேட்டிக் பக்கம், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிப் பக்கம், வந்தவன். எம்2 பற்றி எழுதுகிறவர்கள் தோளில் இடிக்கும் உதை, ரவை விரியும் வட்டம், ஸ்டாக் என்னும் தோள்கட்டையின் அழகு என்று எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது பட்டன்களைப் பற்றி. எது எங்கே இருக்கிறது, எதை எப்போது அழுத்த வேண்டும், தோட்டா எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைப் பற்றி மட்டும். பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாள் தடுமாற வைப்பது அதுதான்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எம்2 வந்தது 2004-ல். இத்தாலியில் உர்பினோ என்ற ஊரில் 1967-ல் தொடங்கிய நிறுவனம் பெனெல்லி. இப்போது பெரெட்டா குழுமத்தில் இருக்கிறது. நான் பேசுவது 12 போர் ஃபீல்டு மாடலை (போர் என்பது குழலின் அளவு). 3 அங்குலச் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடம். மேகசினில் 3 தோட்டா, சேம்பரில் 1. எடை மூன்றேகால் கிலோவை ஒட்டி. கையில் எடுத்தவுடன் "இவ்வளவுதானா?" என்று கேட்க வைக்கும் எடை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பட்டன்கள் தானாகப் புரியும். பல செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள் வாயுவில் ஓடுபவை. குழலில் சின்னத் துளைகள் இருக்கும். வெடித்த வாயுவில் கொஞ்சத்தை அந்த வழியாகத் திருப்பி ஒரு பிஸ்டனைத் தள்ளி, போல்ட்டைப் பின்னால் ஓட்டுவார்கள். எம்2-வில் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. சுட்டவுடன் துப்பாக்கி முழுதும் பின்னால் உதைக்கிறது. உள்ளே இருக்கும் கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதற்கும் போல்ட் தலைக்கும் நடுவில் இருக்கும் குட்டியான, முரட்டு ஸ்பிரிங் அந்த நேரத்தில் நசுங்குகிறது. நசுங்கியது விரியும்போது போல்ட் பின்னால் எறியப்படுகிறது. தலை சுழன்று பூட்டு விடுகிறது. வெற்றுக் கூடு வெளியே பறக்கிறது. தோட்டாவை வெடிக்க வைக்க உள்ளே அடிக்கும் சுத்தியான ஹேமர் மறுபடி ஏறுகிறது. அந்த ஓட்டத்திலேயே மேகசினிலிருந்து ஒரு தோட்டா லிஃப்டர் என்ற தூக்குத் தகட்டின் மேல் வந்து விழ, லிஃப்டர் தூக்கிக் கொடுக்க, திரும்பி வரும் போல்ட் அதைச் சேம்பருக்குள் தள்ளிப் பூட்டுகிறது. கடைசித் தோட்டாவும் போய்விட்டால் போல்ட் திறந்தபடியே நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேகசினிலிருந்து தோட்டா கீழே விழுவது போல்ட் நகர்வதால் அல்ல. சுட்டபோது ஹேமர் விழுந்ததால். ஹேமர் ஏறிய நிலையில் நீங்கள் கையால் போல்ட்டை எத்தனை தடவை இழுத்து விட்டாலும் மேகசின் வாயைத் திறக்காது. ஆரம்பத்தில் கேட்டவரின் கேள்விக்கு விடை இதுதான்.

அப்போது மேகசினை எப்படித் திறக்கச் சொல்வது? ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிகர் கார்டுக்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு லீவர் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தோட்டாவை இறக்கும் லீவர். அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். மேகசினிலிருந்து ஒரு தோட்டா, ஒன்றே ஒன்று, லிஃப்டர் மேல் வந்து உட்காரும். இப்போது போல்ட்டை இழுத்து விட்டால் அது சேம்பருக்கு ஏறும்.

ஏன் இந்தச் சுற்று வழி? காரணம் இருக்கிறது. சேம்பரில் இருக்கும் தோட்டாவை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துப்பாக்கியில் போல்ட்டை இழுங்கள், இருந்தது வெளியே வரும், வேறொன்றை வெற்றுக் கூடு பறக்கும் ஜன்னல் வழியாகப் போடுங்கள், மூடுங்கள். மேகசினில் இருப்பவை அசையாமல் கிடக்கும். வேறு பல துப்பாக்கிகளில் இதே வேலையைச் செய்யப் போனால் மேகசினிலிருந்து அடுத்தது முந்திக்கொண்டு வந்துவிடும். பெரெட்டாவின் ஏஎல்391 போன்றவற்றில் அதைத் தடுக்கத் தனியாக ஒரு கட்-ஆஃப் லீவர் இடது பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதை நாம் ஞாபகமாகப் போட வேண்டும், ஞாபகமாக எடுக்க வேண்டும். எம்2-வில் கட்-ஆஃப் எப்போதும் போட்ட நிலையிலேயே இருக்கிறது. வேண்டும்போது மட்டும் லீவரை அழுத்தித் தோட்டா கேட்கிறோம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. முதல் நாள் எரிச்சல், அப்புறம் வேறு துப்பாக்கியை எடுத்தால் "இதில் அந்த லீவர் எங்கே?" என்று விரல் தேடும்.

இனி லோடு செய்வதற்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது. நான் புதியவர்களுக்குச் சொல்வது போல்ட் திறந்த வழியை. குழல் வாய் இலக்குப் பக்கம், சேஃப்டி போட்ட நிலை, விரல் ட்ரிகருக்கு வெளியே. இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போல்ட்டைத் திறந்து நிறுத்துவதிலேயே ஒரு சூட்சுமம் உண்டு: சும்மா இழுத்தால் நிற்காது, கையை விட்டதும் ஓடி மூடிக்கொள்ளும். முதலில் அந்த லீவரை அழுத்திவிட்டு, பிறகு போல்ட்டின் கைப்பிடியைக் கடைசி வரை இழுக்க வேண்டும். அப்போது பூட்டி நிற்கும். வலது பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு தோட்டாவைப் போடுங்கள். விரல்களை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் போல்ட் விடும் பட்டனை அழுத்துங்கள். போல்ட் பாய்ந்து மூடும். "பாய்ந்து" என்று சொன்னது அலங்காரத்துக்காக இல்லை. அந்த வேகத்தில் நடுவில் விரல் இருந்தால் நகம் கறுத்துப்போகும். அப்புறம் துப்பாக்கியைத் திருப்பி அடிப்பக்கத்தில் லிஃப்டரைக் கட்டைவிரலால் மேலே அழுத்தி, மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேகசினுக்குள் தள்ளுங்கள்.

இந்தக் கட்டைவிரல் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பழக வேண்டும். தோட்டாவின் பித்தளை விளிம்பு பூட்டுக் கொக்கியைத் தாண்டியதும் ஒரு 'கிளிக்' கேட்கும். கிளிக் கேட்கும் முன் விரலை எடுத்தால் ஸ்பிரிங் அந்தத் தோட்டாவைத் திருப்பி உங்கள் கைக்கே தள்ளிவிடும். அல்லது லிஃப்டருக்கு அடியில் பாதி வந்து சிக்கிக்கொள்ளும். ஆழமாகத் தள்ளினால் விரல் லிஃப்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டும். கிளிக் கேட்டவுடன் விரலைப் பின்னால் இழுக்காமல், பக்கவாட்டில் சரித்து எடுப்பது நல்லது. புதுத் துப்பாக்கியில் மேகசின் ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். கடைசித் தோட்டாவைத் தள்ளும்போது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது வழி, போல்ட் மூடிய நிலையில் மேகசினை முதலில் நிரப்பிவிட்டு, லீவரை அழுத்தி, போல்ட்டை இழுத்து விடுவது. நடுவில் லீவரை மறந்தால் என்ன ஆகும் என்றுதான் ஆரம்பத்திலேயே பார்த்தோம். அதோடு சேம்பரில் ஏற்றியது போக மேகசினில் ஒரு இடம் காலியாகும்; அதில் இன்னொன்றைத் தள்ளிக்கொள்ளலாம். ரேஞ்சில் எனக்கு முதல் வழிதான் பிடித்தது. சேம்பரில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் போடுகிறோம், அவ்வளவுதான் காரணம்.

போல்ட்டை விடும்போது இன்னொரு பழக்கமும் வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது என்று கைப்பிடியைப் பிடித்தபடியே மெதுவாக மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சுழலும் தலைப் போல்ட்டுக்கு அது ஆகாது. மெதுவாக விட்டால் தலை முழுதாகச் சுழன்று பூட்டாமல் மயிரிழையில் நின்றுவிடலாம். வெளியே பார்த்தால் மூடியிருப்பது போலவே இருக்கும். ட்ரிகரை இழுத்தால் வெறும் 'கிளிக்'. துப்பாக்கிக்காரர்கள் இதற்குப் 'பெனெல்லி கிளிக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மருந்து சுலபம்: பட்டனை அழுத்தி முழு வேகத்தில் மூட விடுங்கள். கைப்பிடி எங்காவது தட்டியிருக்கலாம் என்று தோன்றினால் உள்ளங்கையால் அதை முன்னால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள்.

சேஃப்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரிகருக்குப் பின்னால் குறுக்காக ஓடும் பட்டன். சிவப்பு வளையம் தெரிந்தால் சுடத் தயார். தடுப்பது ட்ரிகரைத்தான். கீழே விழுந்தால் காப்பாற்றும், இடித்தால் காப்பாற்றும் என்றெல்லாம் அதன் மேல் பாரத்தைப் போடக் கூடாது.

காலி செய்வதில்தான் நான் மிகவும் கறாராக இருப்பேன். செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டா ஒளிந்திருக்க மூன்று இடம் உண்டு: சேம்பர், மேகசின், நடுவில் லிஃப்டர். முதல் இரண்டை எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவதை மறப்பார்கள். எம்2-வில் போல்ட் மூடியிருக்கும்போது யாராவது அந்த லீவரைத் தெரியாமல் அழுத்தியிருந்தால், ஒரு தோட்டா மேகசினை விட்டு வெளியே வந்து, சேம்பருக்கும் போகாமல், போல்ட்டுக்கு அடியில் லிஃப்டர் மேல் படுத்திருக்கும். அடுத்த முறை போல்ட் இழுபட்டால் நேராகச் சேம்பருக்குள். "காலிதான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் போல்ட்டை இழுத்து மூடினால் அவர் கையாலேயே லோடு செய்தது ஆகிவிடும். அதனால் என் ரேஞ்சில் வரிசை இது: முதலில் சேம்பரைத் திற, இருப்பதை எடு. மேகசினில் இருப்பவற்றை வெளியே எடு. லிஃப்டரை மேலே தள்ளி மேகசின் குழாயின் வாயில் விரல் விட்டுப் பார். உள்ளே தோட்டாக்களைத் தள்ளும் மூடியான ஃபாலோயர் விரலில் தட்டுப்பட வேண்டும், பித்தளை தட்டுப்படக் கூடாது. கடைசியாக போல்ட்டைத் திறந்து நிறுத்தி, காலி என்று காட்டும் கொடியைச் சேம்பரில் செருகு. மூடிய போல்ட்டோடு யாராவது "காலி" என்று சொன்னால் நான் நம்புவதில்லை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

பழகிப் பார்க்க நிஜத் தோட்டா வேண்டாம். டம்மி தோட்டாக்கள் கிடைக்கின்றன. நிஜத் தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, டம்மியில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு லீவர் எது, பட்டன் எது என்று விரல் சொல்லும் வரைக்கும்.

இடதுகைக்காரர்களுக்கு என்று ஒரு பத்தி. எல்லாப் பட்டனும் வலது பக்கம் இருப்பதைப் பார்த்து நம் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். லோடு செய்யும் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. என் இடது கை துப்பாக்கியின் பிடியை விடாமல் பிடித்திருக்க, சும்மா இருக்கும் வலது கைக்கு நேர் எதிரே ஜன்னலும் பட்டனும் லீவரும் இருக்கின்றன. வலதுகைக்காரர்தான் பிடியை விட்டுவிட்டு வர வேண்டும், அல்லது இடது கையை அடியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சேஃப்டிதான் நமக்குக் கோணல். அதை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். நம் சுட்டுவிரல் இருப்பதோ இடப்பக்கம். நான் பிடியைச் சுற்றி வந்திருக்கும் கட்டைவிரல் நுனியால் தள்ளுகிறேன். பழக்கம்தான். இன்னொன்று, வெற்றுக் கூடு கண்ணுக்கு முன்னால் குறுக்கே பறக்கும். முகத்தில் படாது, ஆனால் இரண்டாவது தட்டைத் தேடும் நேரத்தில் கண் அதன் பின்னால் போகும். இது ரொம்பத் தொந்தரவாக இருந்தால் இடதுகைக்கென்றே செய்த எம்2 இருக்கிறது. எனக்குச் சாதாரணமானதே போதும்.

மற்றவற்றோடு ஒப்பிடாமல் விட்டால் நியாயமில்லை. ரெமிங்டன் 1100, 1963-ல் வந்தது, வாயுவில் ஓடுவது. அதில் அடிப்பக்கம் லிஃப்டரிலேயே ஒரு பட்டன். போல்ட்டை விடுவதும் அதுதான், மூடிய நிலையில் மேகசினை நிரப்ப லிஃப்டரை விடுவிப்பதும் அதுதான். ஒரே பட்டனில் இரண்டு வேலை. உதையும் மென்மை. சோம்பேறித்தனமாக லோடு செய்ய வேண்டும் என்றால் பிரவுனிங் மேக்சஸ்: போல்ட் திறந்திருக்கும்போது முதல் தோட்டாவை அடிவழியாக மேகசினுக்குத் தள்ளினாலே போதும், அதுவே சேம்பருக்கு ஏறிப் பூட்டிக்கொள்ளும். இந்தக் குடும்பத்தின் மூத்தவரான பிரவுனிங் ஆட்டோ-5, ஜான் பிரவுனிங் 1900-ல் காப்புரிமை வாங்கியது, அதிலேயே பிற்காலத்தில் இந்த வசதி வந்துவிட்டது. இவற்றோடு பார்த்தால் எம்2 புதியவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாடம் எடுக்கும் துப்பாக்கி. போல்ட் விடும் பட்டனும் சின்னது. கையுறை போட்டால் தேட வேண்டியிருக்கும். பெரிய பட்டனைத் தனியாக வாங்கி மாட்டுகிறவர்கள் நிறைய இருப்பதே அதற்குச் சாட்சி.

தோட்டா தேர்வும் இதன் குணத்தோடு சேர்ந்தது. உதையில் ஓடும் துப்பாக்கி என்பதால் உதைக்கப் போதுமான தோட்டா வேண்டும். ட்ராப், ஸ்கீட் என்ற ஒலிம்பிக் தட்டு சுடும் போட்டிகளில் 24 கிராம் ரவைதான் உச்ச வரம்பு. அந்த மெல்லிய தோட்டாவை மட்டுமே சுடப்போகிறவருக்கு நான் எம்2 சொல்ல மாட்டேன். 28 கிராமும் அதற்கு மேலும் இதற்குப் பொருத்தம். புதிதாக இருக்கும்போது முதலில் கனமான தோட்டாக்களைச் சுட்டு ஸ்பிரிங்குகளைப் பழக்கிவிட்டு அப்புறம் இறங்கி வரலாம். தோளில் தளர்வாகப் பிடித்தாலும், துப்பாக்கியில் விளக்கு, கூடுதல் மேகசின் குழாய் என்று எடையைத் தொங்கவிட்டாலும், போல்ட்டுக்குக் கிடைக்கும் உதை குறையும். குறைந்தால் வெற்றுக் கூடு முழுதாக வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். அதைத் துப்பாக்கியின் கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை, எந்த 12 போருக்கும் பொருந்துவது. 20 போர் தோட்டா பையில் கலந்துவிடக் கூடாது. 12 போர் சேம்பரில் அது நிற்காமல் வழுக்கி முன்னால் போய்க் குழலில் சிக்கும்; சேம்பர் காலியாகத் தெரியும்; அதன் பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். என் ரேஞ்சில் இரண்டு அளவும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்பது விதி.

சுத்தம் செய்வதில் எம்2 நம்மைக் கெடுத்துவிடும். வாயு உள்ளே வராததால் கரி அதிகம் சேராது. போல்ட்டைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு, முடிந்தது. போல்ட்டைத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங் ஸ்டாக்குக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெயும் தூசியும் அங்கே கூழாகச் சேர்ந்தால் போல்ட் முழு வேகத்தில் மூடாது. எப்போதாவது அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

யாருக்கு வாங்கலாம் என்றால், ஏற்கெனவே ஏதாவது ஒரு ஷாட்கனைக் கையாண்டு பழகியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எடை குறைவு, பராமரிப்பு குறைவு, தோட்டாவை மாற்றுவதும் லேசு. முதல் துப்பாக்கியே இதுதான் என்றால், வாங்கும் கடையிலேயே டம்மி தோட்டாவை வைத்து ஏற்றி, இறக்கி, காலி செய்து காட்டச் சொல்லுங்கள். லீவரை எதற்கு அழுத்துகிறோம் என்று விற்பவருக்கே சொல்லத் தெரியாவிட்டால், வேறு கடை பாருங்கள்.